படிகாரம் பத்துக் கிலோ, சவரத்துக்கு

ஜனவரி 19, ஞாயிறு

இன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, பேரூராட்சிக் குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர் (ஓய்வு) வைரவனாகிய நான், கீழப்பெருங்காட்டுப் பண்ணைக் குட்டையின் முழு நிர்வாகத்தையும் ஏற்றுக்கொண்டேன். பதவியேற்பு விழாவுக்கு இரண்டு கொக்குகளும் ஓர் எருமையும் வந்திருந்தன. கொக்குகள் என் உரை முடியும்வரை நின்றன. எருமை பாதியிலேயே கிளம்பிவிட்டது.

குட்டை என் அக்கா மகள் வள்ளிமயிலுடையது. பத்து சென்ட், நெஞ்சளவு தண்ணீர், நானூறு மீன். அவளுக்கு இது ஆறாவது மாதம். ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டர் சொல்லி, தஞ்சாவூரில் அக்கா வீட்டில் படுத்திருக்கிறாள். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார். மீனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உலகம் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். தகுதியுள்ள ஒரே மனிதன் நான்தான் என்று தெரிய வந்திருக்கிறது. அக்கா இதையே வேறு மாதிரி சொன்னாள்: “நீ சும்மாத்தானே கெடக்க.”

சும்மா கிடக்கவில்லை. ஓய்வு பெற்று எட்டு மாதமாகியும் தினம் காலை நாலே முக்காலுக்கு, வால்வு திறக்கும் நேரத்துக்கு, சரியாக எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் ஒரு வேலைதான்.

இனி விஷயம். மயிலின் மாமனார் அடைக்கலம் பொங்கலன்று ஒரு கெடு வைத்திருக்கிறார். போன வருஷம் மீன் முந்நூறு கிராமிலேயே நின்றுபோனதாம். அதனால் வரும் மார்ச் 2-ஆம் தேதி வலை இழுக்கும்போது, அவர் கையால் எடுக்கிற மூன்று கட்லா மீனும் ஒவ்வொன்றும் அரைக் கிலோ இருந்தால் குட்டை மருமகளுக்கே. ஒன்று குறைந்தாலும் மண்ணடித்து மூடி, டிராக்டருக்குக் கொட்டகை. அவர் கெட்ட மனிதர் இல்லை. மண்ணை நம்புகிறவர்; தண்ணீரை நம்பாதவர். பொங்கலுக்கு முந்தின வாரம் நிறுத்துப் பார்த்தபோது மீன் நானூற்றுப் பத்து கிராம் இருந்ததாம். பாக்கி தொண்ணூறு. நான் முறைத்துப் பார்த்தாலே ஏறிவிடும்.

மோட்டார் அறைச் சுவரில் மயில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். வாரம் இருமுறை சாணிக் கரைசல். தினமும் தவிடும் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை. அப்புறம் தினம் காலை கைப் பரிசோதனை: கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு உள்ளங்கையை விரிக்க வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் சரி. தெரியவே இல்லையென்றால் சாணியை நிறுத்த வேண்டும். பளிச்சென்று தெரிந்தால் உடனே அவளுக்குப் போன் போட வேண்டும். கடைசியில் சிவப்பு மையில்: “பச்சையைத் தொடாதீங்க அம்மான்.”

இந்தக் குறிப்பேடு பேரூராட்சி லாக் புத்தகத்தில் மீந்தது. கட்டங்கள் அச்சடித்தே இருக்கின்றன: மோட்டார் ஆன், மோட்டார் ஆஃப், தண்ணீரின் நிலை. முப்பத்தோரு வருஷம் அந்தக் கடைசிக் கட்டத்தில் ‘தெளிவு’ தவிர வேறு வார்த்தை எழுதாதவன் நான். இன்று எழுதியது:

தண்ணீரின் நிலை: கீரை மசியல்.

ஜனவரி 20, திங்கள்

சாணி கரைத்து ஊற்றினேன். ஒரு காக்கா எச்சம்கூடத் தண்ணீரில் விழாமல் காத்த கை இது. ஊற்றும்போது கண்ணை மூடிக்கொண்டேன். பாதி என் காலில் விழுந்தது.

ஜனவரி 22, புதன்

சாணி உபயம் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம். பதவியேற்புக்கு வந்து பாதியில் போன எருமை அவளுடையதுதான். இன்று கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

“ஏண்ணே, மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறீங்க?”

“எங்க தொட்டித் தண்ணி எப்படி இருக்கும் தெரியுமா தங்கச்சி? ஒருநாள் ஒரு காக்கா தொட்டி காலியா இருக்குன்னு நெனச்சு, தரையில நடக்கலாம்னு எறங்கிருச்சு. முழுகினப்புறம்தான் அதுக்குத் தண்ணி இருக்கிறதே தெரிஞ்சுது. அவ்வளவு தெளிவு.”

“காக்கா பொழச்சுதா?”

“பொழச்சுது. அதுக்கப்புறம் எங்க தண்ணியத் தவிர வேற எங்கயும் குடிக்கல.”

“அந்தத் தண்ணியில மீன் இருந்துச்சாண்ணே?”

எருமை வளர்க்கிறவர்களிடம் உயர்ந்த விஷயங்களைப் பேசக் கூடாது.

மாலையில் அடைக்கலம் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்று தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்தார். “சம்பந்தி, தண்ணி வேலையில முப்பது வருஷம் இருந்தவர் வந்திருக்காருன்னாங்க. கூட்டம் கூட்டமா ஆள் வந்து பார்க்கப் போறாங்கன்னு நெனச்சேன். இப்பவும் இது தவளை குளிக்கிற எடமாத்தான் இருக்கு” என்றார்.

முப்பது இல்லை, முப்பத்தொன்று. அதை மட்டும் திருத்தினேன்.

ஜனவரி 24, வெள்ளி

அறந்தாங்கி போய்ப் படிகாரம் வாங்கினேன். சவரத்துக்கு. பத்துக் கிலோ. எனக்குத் தாடி கொஞ்சம் முரடு.

ஜனவரி 25, சனி

சவரம் செய்தேன். குட்டையைச் சுற்றி நடந்தபடி செய்தேன். பதினெட்டு வாளி ஆயிற்று.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். குட்டைக்கு விடுதலை.

விடிந்து போய்ப் பார்க்கிறேன், பச்சை முழுக்கத் திரிதிரியாகத் திரண்டு அடியில் படுத்துவிட்டது. மேலே கண்ணாடி. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு கல்லைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. நானூறு மீனையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அடியில் போன வருஷம் தொலைந்த வாளி, ஒரு ரப்பர் செருப்பு, மாப்பிள்ளையின் சிங்கப்பூர் கடிகாரம் எல்லாம் அருங்காட்சியகம் மாதிரி வரிசையாகத் தெரிகின்றன. மீன்கொத்தி ஒன்று மோட்டார் ஒயரில் உட்கார்ந்து, எதை முதலில் தின்பது என்று தெரியாமல் திகைத்துப்போய் இருந்தது.

அடைக்கலத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். மீசையைத் தடவினார். “இப்பத்தான் தண்ணி மாதிரி இருக்கு” என்றார். அந்த மனிதர் தண்ணீரைப் பாராட்டியது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மயில் போன் செய்தாள். “கை தெரியுதா அம்மான்?”

“நல்லாத் தெரியுது.”

“நல்லான்னா?”

“நல்லான்னா நல்லாத்தான்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வீடியோவில் காட்டச் சொன்னாள்.

தண்ணீரின் நிலை: தெளிவு. (எட்டு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். பேனாவே நிமிர்ந்து நின்றது.)

ஜனவரி 28, செவ்வாய்

வீடியோ தரிசனம் இனிதே நிறைவேறியது. குட்டைக் கரையில் சிக்னல் சரியில்லாத காரணத்தால், பஞ்சவர்ணம் வீட்டுக் கொல்லையில், மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் நிகழ்ச்சியை வைத்துக்கொண்டேன். அந்தத் தொட்டியைக் கழுவி ஆறு மாதம் இருக்கும். தண்ணீர் நல்ல பச்சை. அதில் முழங்கை வரை கையை விட்டுக் காட்டினேன். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தது. தாளில் சொன்னபடி, அட்சரம் பிசகாமல்.

“தண்ணியில வைக்கோல் மெதக்குதே அம்மான்.”

“காத்து.”

“சரி” என்றாள். “உடம்பப் பாத்துக்கங்க. வேளைக்குச் சாப்பிடுங்க.”

நான் அவளைப் பார்த்துக்கொள்ள வந்தவனா, அவள் என்னையா என்று சமயத்தில் குழம்பிவிடுகிறது.

ஜனவரி 30, வியாழன்

மீன்கள் உருண்டையைச் சரியாகச் சாப்பிடவில்லை. என் பிரகாசத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் பசி மறந்திருக்கும்.

ஜனவரி 31, வெள்ளி

விடியற்காலையில் நான் கரையில் போய் நின்றதும் மீன்கள் எல்லாம் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடி எனக்கு வணக்கம் வைக்கின்றன. நானூறும் ஒரே நேரத்தில். எந்தக் கலெக்டருக்கும் கிடைக்காத மரியாதை.

மூன்று மட்டும் வணக்கம் வைத்தபடியே மிதந்தன. புதைத்தேன்.

பிப்ரவரி 1, சனி

பதினொன்று.

பிப்ரவரி 2, ஞாயிறு

கையைத் தண்ணீருக்குள் விட்டேன். உள்ளங்கை ரேகை முதற்கொண்டு தெரிந்தது. ஆயுள் ரேகை எவ்வளவு நீளம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். தாளில் எழுதியபடி மயிலுக்குப் போன் போட்டேன், ஏழு நாள் தாமதமாக.

நான் வாயைத் திறப்பதற்குள், “எத்தன?” என்றாள்.

“எது எத்தன?”

“செத்தது எத்தன அம்மான்?”

“பதினாலு.”

பிறகு சொன்னாள்: “அன்னைக்கு நீங்க காமிச்சது பஞ்சவர்ணம் அத்தை வீட்டுத் தொட்டி.”

“வைக்கோலை வச்சுக் கண்டுபிடிச்சியா?”

“எருமை நாக்கு வந்துச்சு, ஓரத்துல. ரெண்டு தடவை.”

“அப்பவே கேட்டிருக்கலாமே ஆத்தா.”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்.” மூக்கை உறிஞ்சினாள். “என்ன போட்டீங்க?”

சொன்னேன். எவ்வளவு என்று கேட்டாள். அதையும் சொன்னேன். சவரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

“அழுக்குன்னு நெனச்சீங்க, இல்ல?”

“முப்பத்தோரு வருஷம் அதத்தானே தேச்சுக் கழுவினேன்.”

“அந்தப் பச்சையெல்லாம் செடிதான் அம்மான். கண்ணுக்குத் தெரியாத அளவு செடி. வெயிலச் சோறாக்கத் தெரிஞ்சது அந்தக் குட்டைக்குள்ள அது ஒண்ணுதான். மத்த எல்லாரும் திங்க மட்டும் தெரிஞ்சவங்க. பச்சையத் தண்ணிப் பூச்சி திங்கும். பூச்சியக் கட்லா திங்கும். கட்லாவ நாம திம்போம். நீங்க சமையக்காரியப் பத்துக் கிலோ படிகாரத்தப் போட்டு அமுக்கிட்டு, பந்தியில ஏன் யாரும் சாப்பிடலன்னு பாத்துக்கிட்டிருக்கீங்க.”

“அதான் புண்ணாக்கு போடுறோமே.”

“அது மட்டும் யாரு சமைச்சது? கடலைச் செடி சமைச்சது. தவிடு, நெல்லுப் பயிரு சமைச்சது. எருமைச் சாணி வரைக்கும் புல்லுதான். எங்க சுத்துனாலும் அடுப்படிக்குத்தான் வந்து நிப்பீங்க. அதோட, மீன் மூச்சு விடுற காத்தையும் பகல்ல அந்தப் பச்சைதான் தண்ணியில விடுது. இப்ப அது அடியில கெடந்து அழுகுது. இருக்கிற காத்தையும் இழுத்துக்குது. விடிகாலையில வாயத் தொறக்குதுன்னா அது மூச்சுக்குத் தவிக்குது.”

வணக்கம் என்று நான் எழுதியிருந்ததை மேலே போய் அடிக்கலாமா என்று பார்த்தேன். லாக் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. இருக்கட்டும்.

அப்புறம் அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். விடிகாலையில் மோட்டாரைப் போட்டுக் குட்டைத் தண்ணீரைக் குட்டைக்கே வாரி இறைக்க வேண்டும். படிகாரம் தண்ணீரைப் புளிக்க வைத்திருக்கும், அதற்குச் சுண்ணாம்பு. பிறகு எங்கிருந்தாவது பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து உறைமோர் மாதிரி விட வேண்டும். அப்புறம் சாணி. அப்புறம் வெயில்.

“இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கு” என்றாள். “எனக்கு வேற எதுவும் என் பேருல இல்ல அம்மான். அந்தக் குட்டை ஒண்ணுதான்.”

தண்ணீரின் நிலை: தெளிவு.

பிப்ரவரி 3, திங்கள்

மோட்டார் ஆன் 4.45. குழாய் வாயை விரலால் மறித்துத் தண்ணீரைப் பூவாளி மாதிரி சிதற விட்டேன். இரண்டு மணி நேரம். விரல் எருமை நாக்கு மாதிரி ஆகிவிட்டது. சாவு ஒன்றுமில்லை. சுண்ணாம்பு போட்டேன்.

அக்கா போன் பண்ணினாள். மயிலுக்குக் கொதிப்பு மறுபடி ஏறியிருக்கிறதாம், என்ன காரணம் என்றே தெரியவில்லையாம். வெயில் என்றேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பச்சைத் தண்ணீர் தேடிப் படையெடுத்தேன். முதலில் என் பழைய தொட்டிக்கே போனேன். எனக்குப் பிறகு வந்த ஆபரேட்டரிடம், கொஞ்சம் பாசி பிடித்த தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “சார், நீங்க சொல்லிக் குடுத்தபடி ஒரு பொட்டுக்கூட விட்டு வைக்கல. ஏறிப் பாருங்க” என்றார். என்னைச் சோதிக்க வந்ததாக நினைத்துவிட்டார். நூற்றெட்டுப் படி ஏறிப் பார்த்தேன். ஒரு பொட்டு இல்லை. இவ்வளவு நன்றாக நான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டாம்.

திரும்பும் வழியில்தான் உறைத்தது. ஜில்லாவிலேயே உயர்ந்த ரகப் பச்சைத் தண்ணீரில் நான் ஏற்கெனவே ஒருமுறை கையை விட்டிருக்கிறேன்.

“தொட்டித் தண்ணி எதுக்குண்ணே?” என்றாள் பஞ்சவர்ணம்.

“ஒரு ஆராய்ச்சி.”

“என்ன ஆராய்ச்சின்னு சொன்னாத்தான் குடம் எறங்கும்.”

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். வீடியோ உட்பட. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கொல்லையில் இருந்த கோழியெல்லாம் கூரை ஏறிவிட்டது. அடங்கியதும், “அன்னைக்கு எம் மாடு ஏன் வெறிச்சு வெறிச்சுப் பாத்துச்சுன்னு இப்பத்தான் புரியுது. எடுத்துக்கங்க. அதுகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கங்க” என்றாள்.

கேட்டேன். எருமை தலையை ஆட்டியது. ஈயாகவும் இருக்கலாம்.

தொட்டியில் இருபத்தாறு குடம், ஊருணியின் பாசி ஓரத்தில் இருபது குடம். நாற்பத்தாறு குடத்தையும் இடுப்பில் வைத்துத் தெரு வழியே சுமந்தேன். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பாசியைக் கண்டால் பிரஷ்ஷோடு பாய்கிறவன் என்று நாலு ஊருக்குப் பெயர் வாங்கிய ஆள், பாசியைக் கைக்குழந்தை மாதிரி தளும்பாமல் எடுத்துப்போவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது.

பிப்ரவரி 5, புதன்

மேகம். மீன்கொத்தியும் இடத்தைக் காலி செய்துவிட்டது. பச்சையோடு பொடி மீனும் போய்விட்ட ஊரில் அதற்கு என்ன வேலை.

பிப்ரவரி 6, வியாழன்

மேகம். சூரியன் பேரில் புகார் எழுதினேன். எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று தெரியாததால் இங்கேயே வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

பத்து மணிக்கு வெயில் வந்தது. சாதாரண வெயில் இல்லை. கரையில் வைத்திருந்த என் டிபன் பாக்ஸில் பழைய சோறு மறுபடி வெந்துவிட்டது. சாணி கரைத்து ஊற்றினேன். இந்த முறை கண்ணை மூடவில்லை. மூக்கையும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கைப் பரிசோதனை. ரேகை தெரியவில்லை. விரல் தெரிகிறது. மயிலிடம் சொன்னேன். “நெசமாவா? எந்தத் தொட்டி?” என்றாள். குட்டைக் கரையிலேயே நின்று, கை, முழங்கை, மோட்டார் அறை, பின்னால் பனைமரம், மேலே சூரியன் எல்லாம் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி வீடியோவில் காட்டினேன். சிக்னல் அருமையாக இருந்தது. அது எப்போதுமே அருமையாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

பச்சை.

ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். எள்ளில் கால்வாசி அளவுக்குச் சில புள்ளிகள் உள்ளே எகிறி எகிறிக் குதிக்கின்றன. தண்ணிப் பூச்சி. முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது.

வீச்சு வலையில் ஒரு கட்லாவைப் பிடித்து நிறுத்தேன். நானூற்றுப் பதினைந்து. ஒரு மாதத்தில் ஐந்து கிராம் ஏற்றிய மீன் நிர்வாகி உலகத்திலேயே நான் ஒருவன்தான். பத்தொன்பது நாளில் எண்பத்தைந்து வேண்டும். ஒரு நாளைக்கு நாலரை கிராம். ஆகும் என்கிறாள் மயில். அவள் சொன்னால் ஆகும்.

பிப்ரவரி 14, வெள்ளி

மீன்கொத்தி வந்துவிட்டது. அதே ஒயர், அதே இடம். கடைசிப் பந்திக்கு இலை போட்டாயிற்று என்று அர்த்தம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அடைக்கலம் வந்தார். பச்சையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“கண்ணாடி மாதிரி ஆக்கி வச்சிருந்தீங்க. மறுபடி கெட்டுப்போச்சா?”

“இல்ல சம்பந்தி. இப்பத்தான் தேறியிருக்கு.”

“பதினாலு மீனு செத்துச்சாமே. ஊருக்குள்ள பேசிக்கிறாங்க. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல.” கரையில் குந்தி உட்கார்ந்தார். “நான் மொதல்லயே சொன்னேன் சம்பந்தி, அந்தப் புள்ளைக்கு இது கைவராது. போன வருஷமும் இப்படித்தான். மார்ச் வரைக்கும் எதுக்கு? நாளைக்கே மண்ணு சொல்லிரலாம்னு பாக்குறேன்.”

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். மோட்டார் அறைக்குள் போய், சவரச் சாமான் வந்த வெறும் சாக்கை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தேன். பத்துக் கிலோ என்று அதில் அச்சடித்தே இருக்கிறது.

“பதினாலையும் கொன்னது நான். அவ தொடாதேன்னு சிவப்பு மையில எழுதி ஒட்டியிருந்தா. நீங்க தவளை குளிக்கிற எடம்னு சொன்னது எனக்குப் பொறுக்கல. தெளிய வச்சேன். நீங்க தண்ணி மாதிரி இருக்குன்னு சொன்ன அன்னைக்கு, அது செத்த தண்ணி.”

சாக்கைப் புரட்டிப் பார்த்தார். “அப்ப இந்தப் பச்சைதான் நல்லதா?”

“அதுதான் சம்பந்தி பயிரு. உங்க வயல்ல நெல்லு பச்சையா நின்னா அழுக்குன்னு கழுவுவீங்களா?”

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “யாரு தப்போ. ரெண்டாம் தேதின்னா ரெண்டாம் தேதிதான். அரைக் கிலோன்னா அரைக் கிலோதான்.”

“நாள் கூடக் கேக்கலியே நான்.”

“கேட்டா குடுக்கவும் மாட்டேன்.”

போகும்போது சாக்கை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போனார். உரம் போட உதவுமாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

உருண்டை முழுக்கக் காலி. தட்டைக்கூட விட்டு வைக்கவில்லை. (தட்டு காற்றில் போயிருக்கலாம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.)

பிப்ரவரி 21, வெள்ளி

உள்ளங்கை தெரியவே இல்லை. சாணியை நிறுத்தினேன். போன மாதம் இந்த நிறத்தைப் பார்த்திருந்தால் நெஞ்சு அடைத்துச் செத்திருப்பேன்.

பிப்ரவரி 24, திங்கள்

மயிலுக்கு இன்று பரிசோதனை. கொதிப்பு இறங்கியிருக்கிறது. குழந்தை நன்றாக இருக்கிறதாம், எடையும் கூடியிருக்கிறதாம். “உள்ள இருக்கிறது உதைக்குது அம்மான், கட்லா துள்ளுற மாதிரி” என்றாள். எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. இந்த ஊரில் காற்று அதிகம்.

மார்ச் 1, சனி

நாளை வலை. நான் அமைதியாக இருக்கிறேன். காலையிலிருந்து குட்டையை நாற்பது தடவை மட்டுமே சுற்றினேன்.

கரையில் ஒரு கூழாங்கல் கிடந்தது. அழகாக இருந்தது. வழவழப்பு, உருண்டை, கட்லாவின் வாயில் சுளுவாக நுழைகிற அளவு. மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் சும்மா வைத்துப் பார்த்தேன். முப்பது கிராம், துல்லியமாக. சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். நினைவுப் பொருள்.

மார்ச் 2, ஞாயிறு

ஏழு மணிக்கு வலைக்காரர்கள் இறங்கினார்கள். ஊரில் பாதி கரையில். பஞ்சவர்ணம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனுக்குள் மயில் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தாள். அடைக்கலம் கொட்டகைக்குக் குறித்த நீளம் அகலத் தாளைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வெளியே நுனி தெரிந்தது. கூடவே அவருடைய பழைய மிளகாய்த் தராசு, இரண்டு பக்கமும் பித்தளைத் தட்டு, ஓர் அரைக் கிலோ இரும்புக் கல். பேட்டரித் தராசை அவர் நம்புவதில்லை.

வலை நெருங்க நெருங்கத் தண்ணீர் கொதித்தது. முதல் கட்லாவை எடுத்துத் தட்டில் போட்டார். தட்டு தொப்பென்று இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. அடுத்ததை உடனே எடுக்கவில்லை. வலைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, இருந்ததில் எது சோனியோ அதைத் தேடிப் பிடித்தார். முதுகு ஒடுங்கி, தலை மட்டும் பெரிதாக ஒன்று. பட்டினி கிடந்த நாளை இன்னும் மறக்காதது.

என் கை சட்டைப் பைக்குள் போனது. மீன் அவர் கையிலிருந்து தட்டுக்குப் போக என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். “குடுங்க சம்பந்தி, வழுக்கும், நான் வைக்கிறேன்” என்று வாய் வரை வந்துவிட்டது.

“அம்மான்” என்றது போன். “சட்டைப் பையில என்ன?”

“வெத்தலை.”

“நீங்க வெத்தலை போட மாட்டீங்களே.”

கை பைக்குள்ளேயே நின்றது. “வையுங்க சம்பந்தி” என்றேன். “நீங்களே வையுங்க.”

வைத்தார். தட்டு ஆடியது. மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. என் முப்பத்தோரு வருஷ சர்வீஸில் எந்தத் தொட்டி நிறையவும் இவ்வளவு நேரம் ஆனதில்லை. பிறகு மீன் பக்கம் மெல்ல இறங்கி நின்றது.

“நேரா நிக்கிற மாதிரியும் இருக்கே” என்றார் அடைக்கலம். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “கூடுதலா, இல்ல தராசு சாயுதா? எவ்வளவு கூடுதல்னு தெரிஞ்சா ஒத்துக்கலாம். சின்னக் கல்லு கொண்டாரல.”

யாரிடமும் சின்னக் கல் இல்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.

என் பையிலிருந்து கூழாங்கல்லை எடுத்தேன். இரும்புக் கல் இருந்த தட்டில் அதன் பக்கத்தில் வைத்தேன். மீன் எழுந்தது, கல் இறங்கியது, இரண்டு தட்டும் நேருக்கு நேர் நின்றன. முள் அசையவில்லை.

“அரைக் கிலோவுக்கு மேல முப்பது கிராம்” என்றேன்.

அடைக்கலம் தராசைப் பிடித்த கையை இறக்காமலே என்னைப் பார்த்தார். “இந்தக் கல்லு முப்பது கிராம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அனுபவம் சம்பந்தி.”

“கூழாங்கல்லு எடையில அனுபவமா?”

பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் வைத்துவிட்டாள். போன் அவள் கையில் குலுங்கியது. உள்ளே மயில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதீங்க, டாக்டர் சிரிக்கக் கூடாதுன்னிருக்காரு” என்றாள்.

அடைக்கலம் கல்லை எடுத்து, மீனின் வாயைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மீசை ஒரு பக்கமாகத் துடித்தது. அப்புறம் அந்தக் கூழாங்கல்லை இரும்புக் கல்லோடு சேர்த்துத் துணியில் வைத்து முடிந்துகொண்டார். “நல்ல கல்லு. மிளகா நிறுக்க ஆகும்” என்றார்.

மீனைத் தண்ணீரில் விட்டார். கொட்டகைத் தாளை எடுத்து நாலாக மடித்து, கையில் ஒட்டிய செதிலை அதில் துடைத்தார். போனைப் பார்த்து, “மயிலு, டிராக்டர் வேப்ப மரத்தடியிலயே நிக்கட்டும். நீ எந்திரிச்சு வந்து உன் குட்டையப் பாரு. ஆனா அவசரப்படாத, மெதுவா வா” என்றார்.

மயில் தலையணையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகும் அவர் மட்டும் நின்றார். நாலு பக்கமும் பார்த்தார். குந்தி உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டார்.

“மங்கலாத் தெரியுது” என்றார்.

“சரியா இருக்குன்னு அர்த்தம்.”

“நாளைக்கும் வந்து பாக்குறேன்” என்றார். ஈரக் கையை வேட்டியில் துடைக்காமலே நடந்தார்.

மார்ச் 3, திங்கள்

விழிப்பு 4.45. மயில் குழந்தையோடு திரும்பும்வரை நான் இங்கேயே இருக்க வேண்டுமென்று ஊர் மன்றாடுகிறது. ஊர் என்றால் மயில். பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டேன்.

மோட்டார் ஆன்: இல்லை. மோட்டார் ஆஃப்: இல்லை.

தண்ணீரின் நிலை: சமையல் நடக்கிறது.